சுமைதாங்கி நீர்

நாயையும் நீரையும் ஒருசேர நினைத்தால் நம் ஊர்ப்பக்கத்து மனத்தில் முதலில் எழுவது வெறிநோயாகத்தான் இருக்கும். தண்ணீரைக் கண்டு மிரண்டால் வெறிநாய், நக்கிக் குடித்தால் நல்ல நாய் என்பது சேலம், நாமக்கல் சமவெளியில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் தீர்ப்பு. உண்மையில் நீரச்சம் என்பது அந்நோய் கண்ட மனிதருக்கு உரிய அறிகுறி. விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இறுகித் துடிப்பதால், குவளை நீரைப் பார்த்த மாத்திரத்திலேயே அவர் நடுங்குகிறார். வெறிகண்ட நாய்க்கு இந்த அச்சம் கிடையாது. தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகலாம். ஆனாலும் அது நீரைத் தேடிப் போகக்கூடும். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. தடுப்பூசி நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. எனினும் மனிதனின் அச்சத்தை நாயின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொரு நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. நாய்க்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்பது அது. இது பாதி உண்மை. நீரில் விழுந்த நாய் நான்கு கால்களையும் மாற்றி மாற்றி அடிக்கும் என்பது சரி. ஆனால் அடிப்பது வேறு, மிதப்பது வேறு. தலை பெருத்துக் கால் குட்டையான இனங்கள் சற்று நேரத்திலேயே தாழ்ந்துவிடும். சிப்பிப்பாறை போன்ற ஒட்டிய வயிற்று வேட்டை நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு. அவை விரைவில் குளிர்ந்து களைத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் பகுதியின் நீர்நிலை என்பது கிணறு. கரடும் பாறையும் குடைந்து இறக்கப்பட்ட, செங்குத்தான சுவர்களைக் கொண்ட கிணறு. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைப் படித்தவர்களுக்கு இந்த மேட்டாங்காட்டுக் கிணறுகளைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம்மில் பலர் இடுப்பில் சுரைக்குடுக்கையோ தகர டப்பாவோ கட்டிக்கொண்டு நீந்தப் பழகியது அவற்றில்தான். பாறையில் துருத்தி நிற்கும் கல்லைப் பிடித்து ஏறிவர நமக்குக் கை இருந்தது. தவறி விழுந்த நாய் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நீந்தும். எங்கும் கால் ஊன்ற இடமில்லாமல் களைத்துப்போய் மூழ்கும். அதற்குத் தெரியாமல் போனது நீச்சல் அல்ல. அதற்குக் கிடைக்காமல் போனது கரை.

இவ்வளவையும் நாங்கள் யோசிக்க நேர்ந்தது எங்கள் வீட்டுச் செவலையால். செவலை நாட்டு நாய். வயது நான்கு இருக்கலாம். எடை இருபது கிலோவை ஒட்டி. பரமத்தி வேலூரை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையில், முன்பு ஏழாம் எண்ணாகவும் இப்போது நாற்பத்துநான்காம் எண்ணாகவும் அறியப்படும் அதே சாலையில், ஒரு விடியற்காலையில் வாகனம் ஒன்று அதன் பின்னுடலை இடித்துவிட்டுப் போயிற்று. லாரிக் கூடு கட்டுவதையும் முட்டைக் கோழி வளர்ப்பதையும் தொழிலாகக் கொண்ட மாவட்டத்தில் சாலையோர நாயின் ஆயுளைச் சக்கரங்களே முடிவு செய்கின்றன. செவலையை நாங்கள் கோணிச் சாக்கில் கிடத்திக் கொண்டுபோனோம்.

கால்நடை மருத்துவத்தைப் பொறுத்தவரை நாமக்கல் பேறுபெற்ற ஊர். சென்னையில் 1903இல் தொடங்கிய கல்லூரிக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் இங்கேதான் ஏற்பட்டது. அதன் விளைவாகச் சுற்றுவட்டாரத்தில் படித்த மருத்துவர்களுக்குக் குறைவில்லை. செவலையைப் பார்த்த மருத்துவர் முதலில் ஒரு காரியம் செய்தார். இடுக்கியால் அதன் பின்னங்கால் விரலை அழுத்தினார். கால் உள்ளே இழுத்துக்கொண்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. இன்னும் சற்று அழுத்தியபோது செவலை தலையைத் திருப்பி, அவர் கையைப் பார்த்து உறுமியது. அவர் முகம் தெளிந்தது. கால் இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் தன்னிச்சையான செயலாகவும் இருக்கலாம். வலி மூளை வரை போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த உறுமல்தான் சாட்சி என்றார். தண்டுவடம் அறுபடவில்லை, இடுப்பெலும்பில் முறிவு என்று எக்ஸ்ரே சொல்லிற்று. எலும்புகள் பெரிதாக விலகாததால் அறுவை தேவைப்படவில்லை. ஆறு வாரம் சிறிய இடத்தில் அடைத்து வைக்கச் சொன்னார்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. ஆனால் தசை போயிற்று. தொடைகள் வற்றிக் குச்சியாயின. எழுந்து நின்றால் பின்னுடல் ஆடியது, நான்கு அடி வைப்பதற்குள் உட்கார்ந்துகொண்டது. தெருவில் தள்ளாடும் நாயைக் கண்டால் கல் தேடும் கைகள் நம் ஊரில் அதிகம். தள்ளாட்டம் வெறிநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கைகளை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. செவலைக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம் என்பதால் எங்களுக்கு அச்சமில்லை. அது தெருவுக்குத் தெரியாதல்லவா? இந்த நிலையில்தான் மருத்துவர், “தினமும் கொஞ்ச நேரம் தண்ணீரில் நடக்க விடுங்கள்” என்றார். நீந்த விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீர் அப்படி என்னதான் செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சுமைதாங்கிக் கல்லை நினைவூட்ட விரும்புகிறோம். பழைய வழித்தடங்களில், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி நிறுத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். அந்தக் கல்லின் பயன் அதன் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமைக்காரர் பிறர் கையை எதிர்பாராமல் தாமே இறக்கி வைத்து, தாமே மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. தாழ்வாக இருந்தால் சுமையை மீண்டும் தூக்க முடியாது. உயர்ந்திருந்தால் இறக்கவே முடியாது.

நீரும் அப்படித்தான். உடல் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடையை உடலுக்காக நீர் தாங்கிக்கொள்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸின் பெயரால் படித்திருக்கிறோம். நாய்களை வெவ்வேறு ஆழ நீரில் நிறுத்தி, கால்கள் தாங்கும் எடையை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பின்னங்காலின் கணு வரை நீர் நின்றால், தரையில் தாங்குவதில் 91 விழுக்காட்டைக் கால்கள் தாங்குகின்றன. முழங்கால் வரை நின்றால் 85. தொடையெலும்பு இடுப்பில் சேருமிடம் வரை நின்றால் வெறும் 38. செவலையின் கணக்கில் சொன்னால், இருபது கிலோ நாய் இடுப்பளவு நீரில் ஏழரைக் கிலோ நாய் ஆகிவிடுகிறது. கணுவுக்கும் முழங்காலுக்கும் இடையே பெரிய மாற்றமில்லை, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையேதான் சுமை சட்டென்று இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சுமைதாங்கிக்கு உயரம் எப்படியோ, நீர்ச் சிகிச்சைக்கு ஆழம் அப்படி.

சுமையை இறக்கி வைப்பதோடு நீரின் வேலை முடிவதில்லை. காற்றில் வீசும் காலுக்குத் தடையில்லை; நீரில் வீசும் காலை நீர் எதிர்க்கிறது. எவ்வளவு வேகமாக வீசுகிறதோ அதைவிடப் பன்மடங்கு எதிர்க்கிறது. ஆகவே பலவீனமான கால் மெல்ல அசைந்தால் மெல்லிய தடை, வலுப்பெற்ற கால் விரைந்து அசைந்தால் வலிய தடை. கேட்கிற அளவுக்கு மட்டுமே பாடம் சொல்லும் ஆசிரியரைப் போல. தடுமாறி விழுந்தாலும் நீரில் விழுகை மெதுவாகவே நிகழ்வதால், நாய்க்குத் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. நாற்புறமும் நீர் அழுத்துவதால் வீக்கம் வடிகிறது. நீந்தும் நாயின் மூட்டுகள் தரையில் நடக்கும்போது மடங்குவதைவிட அதிகமாக மடங்குகின்றன. ஆனால் காலை நீட்டிப் பின்னால் உந்தும் பயிற்சி, பாதம் தரையில் பட நடக்கும்போதுதான் நன்றாகக் கிடைக்கிறது. மருத்துவர் நீச்சலைச் சொல்லாமல் நடையைச் சொன்னதன் பொருள் எங்களுக்குப் பிற்பாடு விளங்கிற்று.

வெளிநாடுகளில் இதற்கெனக் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டை வைத்த கருவிகள் இருக்கின்றன. அங்கே தொட்டி நீரைச் சுமார் 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி வைக்கிறார்கள். குளிர்ந்த நீரில் தசை இறுகிவிடும். நம் சமவெளியில் நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டின் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்பதால், அந்த அளவின் கீழ் எல்லையை அது ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக ஆவி பறக்க நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொதிகலன் வைத்துப் பெறும் ஒன்றை மண் நமக்கு இனாமாகத் தந்திருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது ராஜவாய்க்கால். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோப்புகளையும் வாழவைக்கும் வாய்க்கால் அது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று இப்பகுதியினர் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். மாடு இறங்கி நீர் குடிப்பதற்கென்று கரையைச் சரித்து விட்டிருந்த ஓரிடத்தைத் தேர்ந்தோம். எங்களில் ஒருவர் முன்னால் நின்று அழைக்க, இன்னொருவர் பழைய ஈரிழைத் துண்டை அடிவயிற்றில் கொடுத்து இரு முனைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வோம். முதல் நாள் இரண்டு நிமிடம். செவலை நடுங்கிற்று, கரையைத் திரும்பிப் பார்த்தது. கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த அடியை வைத்தது. நான்காம் நாள் துண்டில் பாரம் குறைந்தது. வாரக் கடைசியில் ஐந்து நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து நடக்கவிட்டால், பட்டை ஓடாமலே பயிற்சி நடந்தது. முன்னங்கால்கள் நீரைத் தெறிக்க அடிக்கத் தொடங்கினால் களைப்பு என்று பொருள், உடனே கரையேற்றிவிடுவோம். நீரைக் கடித்து விளையாட விடமாட்டோம். அளவுக்கு மிஞ்சிய நீர் உள்ளே போனால் இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். பிறகு காது மடலின் உட்புறம் வரை துடைத்து, வெயிலில் ஒரு நாழிகை கிடக்க விடுவோம்.

வாய்க்காலில் துணி துவைக்க வருகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு மூதாட்டி கேட்டார்: “ஏனுங்க, மனுசன் குடிக்கறதுக்கே தண்ணி லாரியில வருது. நாய்க்கு ஏனுங்க இத்தனை தண்ணி?” அவர் ஊர் மேட்டுப் பக்கம். ஆயிரம் அடி ஆழ்துளையிட்டும் புழுதி மட்டுமே பறந்த காட்டைப் பார்த்தவர். அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை. அதை நாங்கள் பல நாள் சுமந்து திரிந்தோம். மனிதருக்கே முடநீக்குச் சிகிச்சை எட்டாத கிராமங்களில், பக்கவாதத்தில் விழுந்த முதியவர்கள் கயிற்றுக் கட்டிலிலேயே காலம் கழிக்கும் வீடுகளுக்கு நடுவில், நாய்க்கு நீர்ச் சிகிச்சை என்பது ஆடம்பரமாகத்தான் தோன்றும். பெருநகரங்களில் நாய்களுக்கென்றே நீச்சல் குளங்கள் வந்துவிட்டன என்ற செய்தி இந்த எண்ணத்தை மேலும் வலுப்படுத்தும்.

ஆயினும் யோசிக்க யோசிக்க எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. செவலை அந்த நீரைச் செலவழிக்கவில்லை. தன் எடையைச் சற்று நேரம் அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. நீர் அதே அளவில் கொடிக்காலுக்குப் பாய்ந்தது. சுமைதாங்கிக் கல் எத்தனை பேர் சுமையை இறக்கி வைத்தாலும் தேய்வதில்லை. அந்த மூதாட்டியின் முழங்கால் வலிக்கும் அதே வாய்க்கால் அதே உதவியைச் செய்யும். இதை அவரிடம் சொன்னபோது, “அதானுங்க தொவைக்க எறங்குனா காலு வலி தெரியறதில்ல” என்றார். நாங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் படித்ததை அவர் நாற்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தாம் வாரம் பராமரிப்புப் பணிக்காக வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அப்போதுதான் மாற்றிடம் தேடிப் புறப்பட்டோம். அந்தத் தேடலில் எங்களுக்குத் தெரிந்தது நாயைப் பற்றி அல்ல, நம் நிலத்தைப் பற்றி. சேலத்து மலைகளில் பிறந்து நாமக்கல் மாவட்டத்தின் வழியே காவிரிக்கு வரும் திருமணிமுத்தாற்றில் ஓடுவது நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும். அதில் புண்பட்ட கால்களை இறக்க முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் காவிரிக்கே சாயத்தின் நிறம் ஏறிய நாள்கள் உண்டு. ஜவ்வரிசி ஆலைக் கழிவு சேரும் குட்டைகளின் நாற்றத்தை இப்பகுதியினர் அறிவார்கள். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சல் நாயையும் தாக்கும், அதைத் தொடும் நம்மையும் தாக்கும். மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமாக ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, 137 நாள் தண்ணீர் வரும். மற்ற நாளில் அவை வறண்ட பள்ளங்கள். ஏரிகளிலோ சீமைக்கருவேலம் நிற்கிறது. கிணறுகளில் நீர் உண்டு, கரை இல்லை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளை இறக்கிக் குளிப்பாட்டிய துறைகள் எத்தனை ஊர்களில் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சுகின்றன.

கடைசியில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில், மோட்டார்த் தண்ணீர் விழுந்து தென்னைக்குப் போகும் சிமென்ட் தொட்டி கிடைத்தது. ஒரு பக்கத்தில் மணல் மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கிச் சரிவு செய்து, மேலே சாக்கு விரித்தோம். இடுப்பளவுக்கு நீர் நிற்குமாறு மடையை வைத்துக்கொண்டோம். மேலும் ஏழு வாரம். செவலை இப்போது நடக்கிறது. ஓடுகிறது என்றும் சொல்லலாம். திரும்பும்போது இடது பின்னங்கால் அரை விரற்கடை இழுக்கிறது. அது இனி மாறாது என்கிறார் மருத்துவர்.

இதனை நீரின் வெற்றி என்று முழங்க எங்களுக்கு மனம் வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்த நாய்களில் பல, ஓய்வினாலேயே நடமாடத் தொடங்கிவிடும் என்பதையும் அந்த மருத்துவரே சொன்னார். நீர் எதைச் செய்தது, காலம் எதைச் செய்தது என்று ஒற்றை நாயை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. திறந்த புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் உள்ள நாயை நீரில் இறக்கவே கூடாது. வலி உணர்வே அற்றுப்போன கால்களுக்கு நீர் பெரிதாக எதையும் திருப்பித் தந்துவிடாது. நீரைக் கண்டு மிரளும் நாயைத் தூக்கிப் போடுவது சிகிச்சை அல்ல, கொடுமை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை ஒரு விளம்பரமாகிவிடும்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லத் தோன்றுகிறது. இப்போது நம் சமவெளியெங்கும் பண்ணைக்குட்டைகள் வெட்டப்படுகின்றன. மழைநீரைச் சேமிக்க அது நல்ல வழிதான். அவற்றில் பலவற்றுக்கு நீர் கசியாதிருக்க வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள். நான்கு பக்கமும் வழுக்கும் அந்தக் குட்டையில் இறங்கிய ஆடோ நாயோ மயிலோ ஏறிவர முடியாது. சில நேரம் சிறுவர்களும். ஒரு மூலையில் முடிச்சிட்ட கயிற்று வலையையோ சணல் சாக்கையோ பதித்துவிட, ஒரு பக்கத்தைக் கல் பாவிய சரிவாக விட, ஆகும் செலவு சொற்பம். நம் முன்னோர் வழிநெடுகக் கல் நட்டபோது யார் சுமை, என்ன சுமை என்று கேட்கவில்லை. உயரத்தை மட்டும் சரியாக வைத்தார்கள். நீரைத் தேக்குகிற நாமும் கரையை மட்டும் சரியாக வைத்தால் போதும். எந்த உயிர் எப்போது எந்தச் சுமையோடு இறங்கும் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை.